நாற்பத்தொரு ‘அவர்’

என்னிடம் ஒன்பது வேட்டிகள் இருந்தன. எட்டு முழம், கரை வைத்தது, துண்டோடு சேர்த்து அட்டைப்பெட்டியில் மடித்தது. தீபாவளிக்குத் தீபாவளி வாசகர்கள் அனுப்பியவை. எங்கள் வீட்டில் வேட்டி கட்டுகிற ஆள் அப்பா ஒருவர்தான். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் பேண்ட் போட்டுக்கொண்டு பம்பாயில் இருந்தான். ஆகவே அந்த ஒன்பது வேட்டிகளுக்கும் சகல பாத்தியதையும் உள்ள ஒரே ஆள் நான். நான் சேலை கட்டுகிறவள்.

எண்பதுகளில் அருப்புக்கோட்டையிலிருந்து வியாபாரிகளுக்கென்று ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. மில் விளம்பரம், புதுக்கடைத் திறப்பு விழா, லாரி செட் விலாசம், நடுவில் ஒரு பக்கம் ஆன்மிகம். அதில் ‘சந்தை நிலவரம்’ என்ற நான்கு பக்கங்களை எழுதியது நான். மல்லி, வத்தல், பருத்தி, பாசிப்பயறு எல்லாம் என் கையில் ஏறும், இறங்கும். என் கையில் என்றால் பேனாவில். வீட்டுக்கு வாங்கும்போது நூறு கிராம்தான்.

பிழை திருத்துவதற்குத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். அதற்கு முன் நிலவரம் எழுதிக்கொண்டிருந்த பெரியவர், எழுதி எழுதி ஆசை வந்து, தானே வத்தல் வாங்கி விற்கப் போய்விட்டார். பத்திரிகையின் முதலாளியும் ஆசிரியருமான அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, ரெண்டு மாசத்துக்கு நீயே சமாளி. அதுக்குள்ள ஆள் பாத்துக்கிருவோம்.”

பதினோரு வருஷம் ஆள் பார்த்தார்.

“பேரு எப்படிப் போட அண்ணாச்சி?” என்று முதல் மாதம் கேட்டேன். புது நடையும் புதுப் பேனாவுமாக இருந்த காலம். முழுப்பேரையும் கொட்டை எழுத்தில் பார்க்கிற ஆசை இருந்தது.

“பேரெல்லாம் எதுக்கும்மா? நம்ம பத்திரிகைய மாசம் முடிஞ்சா பலசரக்குக் கடையில கிழிச்சுப் பொட்டலம் மடிப்பான். உம் பேர்ல புளியக் கட்டுவான், சம்மதமா? ரெண்டு எழுத்துப் போதும். மரியாதையா இருக்கும்.”

அப்படியாக அப்பா பேரின் முதல் எழுத்தும் என் பேரின் முதல் எழுத்தும். இரண்டு எழுத்து, இரண்டு புள்ளி. அந்த இரண்டு புள்ளிகளுக்குப் பின்னால் நின்றால் ஒரு ஆளே மறைந்துகொள்ளலாம் என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

வாசகர் கடிதங்கள் ‘அன்புள்ள ஐயா’ என்று தொடங்கும். கோவில்பட்டியிலிருந்து ஒருவர், தங்களைப் போன்ற பழுத்த அனுபவசாலி சொல்லித்தான் உளுந்தை இருப்பு வைத்தேன் என்று எழுதினார். பழுத்த அனுபவசாலிக்கு அப்போது இருபத்தொன்பது வயது. இன்னொருவர் தன் மகளுக்கு வரன் தேடுவதாகவும், தங்களுக்குத் திருமண வயதில் மகன் இருந்தால் ஜாதகம் அனுப்பவும் என்றும் எழுதியிருந்தார். ஜாதகம் அனுப்ப வேண்டியிருந்தது எனக்குத்தான். அனுப்ப ஆள் இல்லை. ‘பையன் இன்னும் படிக்கிறான்’ என்று பதில் போட்டேன்.

சொன்னால் வெட்கக்கேடு. கடிதங்களில் மட்டும் இருந்த அந்த ஐயாவை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. ஐம்பத்தைந்து வயது, கொஞ்சம் தொப்பை, மூக்குப்பொடி கிடையாது, பேச்சு அளவு. சாயங்காலம் டவுன் பஸ் பிடித்து, பாளையம்பட்டியில் நான் வாடகைக்கு இருந்த மாடி அறைக்கு வந்து கதவைத் திறந்தால், உள்ளே பேசுவதற்கு இருந்தது அவர் ஒருவர்தான். கிளை நூலகத்திலிருந்து வாரம் நாலு புத்தகம் எடுப்பேன். படித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டுமல்லவா? கடிதங்களுக்குப் பதில் எழுதுகிற சாக்கில் அவர் சொல்வார். பருத்தி விலையைப் பற்றி எழுதும்போது உலகத்தைப் பற்றியும் இரண்டு வரி.

விலை விசாரிக்கச் சந்தைக்குப் போனால் நிலைமை வேறு. தோளில் பையும் கையில் நோட்டும் உள்ள பெண் எங்கள் சீமையில் மூன்று பேராகத்தான் இருக்க முடியும்: டீச்சர், நர்ஸ், குடும்பக் கட்டுப்பாட்டு அம்மா. மூன்றாவதாக நினைத்துவிட்டால் ஆம்பிளைகள் எழுந்து போய்விடுவார்கள். அதனால் நானே முந்திக்கொண்டு பத்திரிகை பேரைச் சொல்வேன்.

“ஐயா அனுப்பிச்சாகளா?” என்பார்கள்.

“ஆமா.”

அதோடு விலை வந்துவிடும். மூட்டை மேல் ஏறி உட்காரச் சொல்லாத குறைதான்.

ஒரு ஆனி மாதத்து மத்தியானம் அந்த அம்மாள் ஆபீசுக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளையாக வெளுத்த சேலை. நகக்கண்ணிலும் கைரேகையிலும் மட்டும் கறுப்பு, யாரோ மைப்பேனாவால் வரைந்துவிட்ட மாதிரி.

“நிலவரம் எழுதுற ஐயா இருக்காகளா?”

“என்ன விஷயம், சொல்லுங்கக்கா.”

“அவுககிட்டத்தான் சொல்லணும். நீங்க டைப்படிக்கிற பிள்ளையா?”

உள்ளே அச்சுக்கோத்துக்கொண்டிருந்தவருக்குப் பொறுக்கவில்லை. “யக்கோவ், நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறதே ஐயாவத்தான்!”

அந்த அம்மாள் என்னை மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்தார்.

“அப்ப மீசைய எங்க?”

“வீட்டுல வச்சிட்டு வந்துட்டாக,” என்றது உள்ளேயிருந்து.

“ஏலே, நான் காரியமா மூணு பஸ் மாறி வந்திருக்கேன், நீ கேலி பேசுற!” என்று அந்தப் பக்கம் ஒரு அதட்டல். பிறகு என் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நெசமாவே நீங்கதானா? நல்லதாப் போச்சு. ஆம்பளையா இருந்தா மொதல்லருந்து சொல்லணும். உங்களுக்குப் பாதியிலருந்து சொன்னாப் போதும்.”

பாதியிலிருந்து சொன்னது இது. பரளச்சிக்குத் தெற்கே கரிமூட்டம் போடுகிற தொழில். வேலிக்கருவை மரத்தை வெட்டி, அடுக்கி, மண் மூடி எரித்துக் கரியாக்கி, சாக்கில் கட்டி லோடு அனுப்புவது. கோயம்புத்தூர், சேலம் பக்கம் கரி டிப்போ வைத்திருக்கிறவர்கள் கடிதம் போட்டுத்தான் லோடு கேட்பார்கள். கணவர் இருந்தபோதே மூட்டத்தைப் பார்த்துக்கொண்டது இந்த அம்மாள்தான். கணவர் திருச்சுழி பஜாரில் ஒரு அறையில் அவர் பேரிலேயே போர்டு மாட்டி உட்கார்ந்து கடிதம் எழுதுவார். இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துவிட்டார். இப்போது அந்த அறையில் உட்கார்ந்திருப்பது அவருடைய தம்பி.

“கடுதாசி பூராம் அங்கதான் போகுது. கொழுந்தன் என்ன செய்யிறான், வர்ற ஆர்டர எடுத்துக்கிட்டு வேற மூட்டத்துல கரி வாங்கி அனுப்பிர்றான். போர்டு அதே போர்டு. டிப்போக்காரவுகளுக்கு என்ன தெரியும்? எங்கிட்டக் கட்டி வச்ச கரி அப்படியே கெடக்கு. ஐப்பசி மழை விழுந்தா அம்புட்டும் போச்சு.”

“தபால்காரர்கிட்டச் சொல்லலையா?”

“சொன்னேன். அவுகளும் என்ன செய்வாக? கவர்மேல எங்க வீட்டுக்காரவுக பேரு. செத்தவுகளுக்குக் கடுதாசி வந்தா உசுரோட இருக்கிற தம்பிகிட்டத்தானே குடுப்பாக?”

அந்த டிப்போக்காரர்கள் எல்லாரும் எங்கள் ஆண்டு மலரை வாங்குகிறவர்கள். விலாசத்துக்காகவே வாங்கி வருஷம் பூராவும் ஆணியில் தொங்கவிடுவார்கள். அதுதான் மூன்று பஸ் மாறி வரச் செய்தது.

“இந்த மூட்டம் போடுறது ஒரு பொம்பள, அவ பேரு இது, பரளச்சிக்குக் கடுதாசி போடுங்கன்னு நீங்க எழுதணும். அம்புட்டுத்தான் டீச்சர்.”

மீசை இல்லை என்று ஆனதும் டீச்சர் ஆகிவிட்டேன். கடைசி வரை அப்படித்தான்.

அடுத்த வாரம் போனேன். ஸ்டுடியோக்காரர் ஒருவரும் கேமராவும் என்னோடு வந்தார்கள். திருச்சுழியில் இறங்கி வேறு பஸ். கண்டக்டர், “டீச்சர், எந்த ஸ்கூலு? மாத்தலாகி வாரீகளா?” என்றார். ஆமா என்றேன். இல்லை என்றால் விளக்கம் சொல்ல வேண்டும்.

மூட்டம் என்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு மண்ணில் யாரோ கவிழ்த்து வைத்த பெரிய பானை. கட்டைகளைக் குத்துக்குத்தாக அடுக்கி, இலைதழை போட்டு, மேலே மண் பூசி, அடியில் தீ வைத்து, அங்கங்கே ஓட்டை விட்டிருக்கிறார்கள். ஓட்டைகளில் புகை வருகிறது. எரியவும் கூடாது, அணையவும் கூடாது; நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புழுங்க வேண்டும். எனக்கு ஓரளவு பழக்கப்பட்ட நிலைமைதான்.

சாக்குக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஸ்டுடியோக்காரரைப் பார்த்து எழுந்து நின்றார்கள். “ஐயா வாங்க!”

“அவுக போட்டோப் பிடிக்கிறவுகடி. ஐயா இவுகதான்,” என்று அந்த அம்மாள் என்னைக் காட்டினார். ஒரு சிரிப்பு கிளம்பிற்று. “எங்க வீட்டு ஐயாவும் இப்படிச் சேலை கட்டிக்கிட்டு வேலைக்கு வந்தா நான் வீட்டுல கெடப்பேன்ல!” என்றாள் ஒருத்தி.

அந்த அம்மாள் மூட்டத்தைச் சுற்றி நடந்தார். ஓர் ஓட்டைக்கு நேரே நின்று மூக்கை உறிஞ்சினார். “வெள்ளைப் புகையா வந்தா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். நீலம் பாரிச்சு மெலிசா வந்துச்சுன்னா வெந்துபோச்சு. ஒரு பொழுது முந்தினா கொள்ளிக்கட்டை, ஒரு பொழுது பிந்தினா சாம்பல்.” காலால் மண்ணைத் தள்ளி அந்த ஓட்டையை அடைத்தார். “எங்க வீட்டுக்காரவுகளுக்கு இது கடைசி வரைக்கும் பிடிபடலை. கடுதாசி நல்லா எழுதுவாக.”

போட்டோ எடுக்க நின்றபோது ஸ்டுடியோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். “அம்மா, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க. நீங்களும் மூட்டமும் ஒண்ணாத் தெரியுது. கண்ணும் பல்லும்தான் விழும்.”

அந்த அம்மாள் குடிசைக்குள் போய் முகம் கழுவி, பெட்டியிலிருந்து ஒரு பச்சைச் சேலை எடுத்துக் கட்டி வந்தார். மூட்டத்துக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் பின்னால் கட்டிக்கொண்டார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. “டிப்போக்காரவுக பாப்பாகல்ல,” என்றார்.

புறப்படும்போது என் முந்தானையில் ஒரு கை அகலத்துக்குக் கரி. “தட்டாதீக, தட்டுனா உள்ள ஏறும். மூணு துவைப்புக்கும் போகாது,” என்றார்.

வீட்டுக்கு வந்து கட்டுரை எழுதினேன். நான்கு நாள் எழுதினேன். இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது.

அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் தொழில் செய்கிற பெண்ணைப் பற்றி எழுதினால் இரண்டே விதம். ஒன்று, ‘இன்னாரின் துணைவியார்’. இல்லாவிட்டால் ‘அடேயப்பா, சேலை கட்டிய சிங்கம்’. இரண்டும் எனக்கு ஆகாது. ஒரு மில் முதலாளியைப் பற்றி எப்படி எழுதுவோமோ அப்படித்தான் எழுத வேண்டும், பெண் என்பதை ஒரு அதிசயமாகக் காட்டக்கூடாது என்று வைராக்கியம். பேரை ஆறு இடத்தில் போட்டேன். மற்ற இடமெல்லாம் ‘அவர்’. ‘அவர் புகையின் நிறம் கொண்டே பக்குவம் அறிவார்.’ ‘அவர் காலை ஐந்து மணிக்கு மூட்டத்தைச் சுற்றி வருகிறார்.’ ‘பெண்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. படித்துப் பார்த்தேன், கம்பீரமாக இருந்தது. எனக்கே எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும்போல இருந்தது.

அண்ணாச்சியும் அதைத்தான் சொன்னார். “கம்பீரமா இருக்கும்மா. ஆனா பேரு வேணாம். வீட்டுப் பொம்பளை பேர நாம அச்சுல போட்டா நல்லாவா இருக்கு? ‘உரிமையாளர்’னு போட்டுக்கிருவோம். மரியாதையா இருக்கும்.”

“அண்ணாச்சி, அவுக கேட்டதே பேரத்தான்.”

“அவுக கேப்பாக. நாளைக்கு அவுக சொந்தக்காரன் எவனாவது வந்து நம்ம வாசல்ல நின்னா? போட்டோவும் வேணாம். அந்தப் புகை படம் ஒண்ணு இருக்குல்ல, அது ஜோரா இருக்கு.”

“விலாசம் பரளச்சி அண்ணாச்சி.”

“விலாசம் நம்ம பட்டியல்ல கம்பெனிக்கு என்ன இருக்கோ அதான். வருஷா வருஷம் போடுறதுதானே.”

நான் தொண்டையைச் செருமினேன். என் வாழ்க்கையில் நான் நடத்திய போராட்டங்களில் பெரும்பாலானவை தொண்டையோடு முடிந்தவை. கட்டுரை முழுசாக வருகிறதே, படிக்கிறவர்களுக்குப் புரியாதா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று தடவை பிழை பார்த்தேன். ‘கருப்பு’, ‘கறுப்பு’ இரண்டில் எது சரி என்று அகராதி எல்லாம் புரட்டி ஒரு முழு சாயங்காலம் உட்கார்ந்தேன். ஒற்று விட்டுப்போகவில்லை. ஆள் விட்டுப்போனது தெரியவில்லை.

ஆண்டு மலர் வந்தது. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. ‘அன்புள்ள ஐயா, தாங்கள் எழுதிய கரித் தொழிலதிபரின் ஆண்மை மிக்க முயற்சி இளைஞர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு.’ அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்த வரியை இரண்டாம் தடவை படித்துவிட்டு, ‘நடை பரவாயில்லை’ என்று நினைத்துக்கொண்டேன்.

உறைத்தது திருச்சுழியில். மல்லி விலை கேட்கப் போயிருந்தேன். பஜாரில் அந்தப் போர்டு. உள்ளே சுவரில் என் கட்டுரை, கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனம் வைத்து, சின்ன மாலையோடு. கீழே நாற்காலியில் வெள்ளை வேட்டியோடு ஒருவர். நான் வாசலில் நின்று பார்ப்பதைக் கண்டு அவரே கூப்பிட்டார்.

“வாங்க டீச்சர். என்ன பாக்குறீக? எங்களப் பத்திப் பத்திரிகையில போட்டிருக்காக. படிச்சீகளா?”

“படிச்சேன்.”

“இத எழுதுன ஐயா எனக்கு ரொம்ப வேண்டியவரு. அருப்புக்கோட்டை போனா அவரு வீட்டுலதான் காப்பி. நல்ல மனுசன். கொஞ்சம் முன்கோபி.”

முன்கோபி என்பது எனக்குப் புதிய தகவல். மேஜைமேல் கம்பியில் குத்திய கடிதங்கள் ஒரு சாண் உயரத்துக்கு நின்றன. மேலே இருந்த கவரில் சேலம் என்று தெரிந்தது. அவர் எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நீங்கள் நினைப்பது சரி. நான் அதைக் குடித்தேன். முன்கோபியான ஐயா அந்த நேரத்தில் எங்கே போனார் என்று தெரியவில்லை.

அங்கிருந்து நேரே பரளச்சி பஸ். அந்த அம்மாளிடம் ஆண்டு மலர் இருந்தது. புகை படம் இருந்த பக்கத்தை மடித்து வைத்திருந்தார்.

“வந்துட்டீகளா. நல்ல வேளை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நீங்க வாசிங்க. இதுல நான் எங்கன இருக்கேன்னு காட்டுங்க.”

வாசித்தேன். ‘அவர் புகையின் நிறம் கொண்டே…’

“இது யாரு?”

“நீங்கதாங்கக்கா.”

“ம். வாசிங்க.”

‘அவர் காலை ஐந்து மணிக்கு…’

“இது?”

“நீங்கதான்.”

“ ‘அவர்’னா நம்ம பேச்சுல அவுகதானே?”

“ஆமா.”

“நான் எங்க வீட்டுக்காரவுகளத்தானே அவுகங்கிறேன். தபால்காரவுகள அவுகங்கிறேன். டிப்போக்காரவுகள அவுகங்கிறேன்.” விரல் விட்டு எண்ணுவது மாதிரி நிதானமாகச் சொன்னார். “என்னைய யாரு டீச்சர் அவுகங்கிறா? எங்க சாதி சனத்துல, மூட்டத்துல, பஜாருல, எவன் சொன்னான்? ‘அவ’ன்னுதானே சொல்றான். ‘அந்தக் கரிக்காரி’ம்பான். நீங்க பாட்டுக்கு அவுகன்னு எழுதினா, படிக்கிறவன் அது நான்னு எப்படி நெனப்பான்?”

நான் அந்தப் பக்கத்தில் கண்ணை ஓட்டினேன். நாற்பத்தோர் இடம். ஒருத்தியைப் பலராக்கி மரியாதை செய்வது நம் மொழியின் அழகு என்று எத்தனை இலக்கணப் புத்தகத்தில் படித்திருப்பேன். பலரான பிறகு அந்த ஒருத்தி எங்கே போனாள் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணாச்சி பேரைத்தான் எடுத்தார். ஆளை எடுத்தது நான்.

“கொழுந்தன் சுவத்துல மாட்டியிருக்கானாமே?”

“ஆமா.”

“மாட்டத்தானே செய்வான். அவனுக்கு எழுதிக் குடுத்த மாதிரிதானே இருக்கு.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்ததும், “பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்றார். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கருவைமரத்து நிழல் என்று ஒன்று இருப்பதாகச் சொல்வார்கள், அதில் நின்றேன். வடகிழக்கில் லேசாக மேகம் கட்டியிருந்தது. வானம் பார்த்த பூமியில் மேகத்தைப் பார்த்து மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அன்று நானாகத்தான் இருப்பேன். அந்த அம்மாளையும் சேர்த்தால் இரண்டு.

திருத்தம் போடலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். “என்ன தப்பு இருக்கு திருத்துறதுக்கு? ஒரு எழுத்துப் பிழை சொல்லு பாப்போம்,” என்றார். எழுத்துப் பிழை கிடையாது. நான்தானே பிழை பார்த்தவள்.

ஆனால் நிலவரப் பக்கத்தை டிப்போக்காரர்கள் படிப்பார்கள், அண்ணாச்சி படிப்பதில்லை. விளம்பரப் பக்கங்களை மட்டும் எழுத்தெழுத்தாகப் பார்ப்பார். அடுத்த இதழில் வத்தலுக்கும் பருத்திக்கும் நடுவில் ‘கரி’ என்று ஒரு தலைப்புப் போட்டேன். இப்படி எழுதினேன்:

‘பரளச்சிப் பக்கத்துக் கரி திடமாக உள்ளது. ஆண்டு மலரில் எழுதப்பட்ட மூட்டத்தை நடத்துபவள் ஒரு பெண். கணவன் இறந்தபின் அவளே கட்டை வெட்ட வைக்கிறாள். அவளே மூட்டம் போடுகிறாள். அவளே லோடு ஏற்றுகிறாள். திருச்சுழிக்கு எழுதும் கடிதங்கள் அவள் கைக்குப் போவதில்லை. கீழ்க்கண்ட பேருக்கு, பரளச்சி தபாலாபீசுக்கு எழுதவும். கரி நன்றாக வெந்திருக்கிறதா என்று இதை எழுதுகிறவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அன்று என் சேலையில் ஒட்டியது இன்னும் போகவில்லை.’

கீழே அவள் பேரைத் தனி வரியில், தடித்த எழுத்தில் போட்டேன். ‘அவள்’ என்று எழுதக் கை கூசியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை எழுந்து நடந்தேன். நேரில் ஒரு நாளும் நான் அவளை அப்படிச் சொன்னதில்லை. எழுத்தில் அந்த ஒரு மாதம் மட்டும் சொன்னேன். இதோ, இப்போது சொல்கிறேன்.

அச்சுக்கோக்கிறவர் ‘சேலையில்’ என்ற இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து கோத்தார்.

இதழ் வெளியாகிப் பத்து நாளில் அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். அவர் என் மேஜைக்கு வருவது வழக்கமில்லை. கையில் இதழ், கூடவே நாலைந்து கடிதங்கள்.

“ஏம்மா, இந்த எடத்துல சேலைன்னு விழுந்திருக்கு. வேட்டின்னு இருக்கணுமோ?”

“இல்ல அண்ணாச்சி.”

“அச்சுப்பிழை இல்லையா?”

“இல்ல.”

இதழை மூடினார். “எல்லாரும் ஐயான்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தாக,” என்றார். குரலில் கோபத்தைவிட, யாரோ வேண்டிய மனிதர் தவறிவிட்ட மாதிரி ஒரு வருத்தம். அவருக்கும் அந்த ஐயாவைப் பிடித்திருந்தது என்று அன்றுதான் அறிந்தேன். “சரி. ஆள் கெடைக்கிற வரைக்கும் எழுது.”

கடிதங்கள் பரளச்சிக்குப் போகத் தொடங்கின. முதலில் சேலத்திலிருந்து ஒன்று. கவர்மேல் அவள் பேர், முன்னால் ‘திருமதி’, பின்னால் ‘அவர்கள்’. ஐப்பசி மழைக்கு முன் இரண்டு லோடு ஏறிவிட்டது என்று ஒரு கார்டு வந்தது, யாரையோ வைத்து எழுதியது. ‘டீச்சர் அவர்களுக்கு’ என்று இருந்தது.

எனக்கு வந்துகொண்டிருந்த கடிதங்கள் நின்றன. ஒரேயடியாக நிற்கவில்லை, வெள்ளைப் புகை மெலிவது மாதிரி. உளுந்தை இருப்பு வைக்கலாமா என்று கேட்டவர் பிறகு கேட்கவே இல்லை. கல்யாணப் பத்திரிகைகள் வரவில்லை. ஒரு அன்பர், தாங்கள் பெண்மணி என்று அறிந்து மகிழ்ச்சி, ஊறுகாய்க் குறிப்புகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாமே என்று எழுதினார். சந்தையிலும் வித்தியாசம் தெரிந்தது. “ஐயா அனுப்பிச்சாகளா?” என்று கேட்பவர்கள் இப்போது, “எழுதுறது நீங்கதானாமே,” என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றார்கள். மரியாதையாகத்தான் நின்றார்கள். நான் நகர்ந்த பிறகுதான் பேச்சைத் தொடர்ந்தார்கள். அந்தத் தீபாவளிக்கு வேட்டி வரவில்லை, சேலையும் வரவில்லை. ஒரு பெண்ணுக்கு ஊர் பேர் தெரியாத ஆம்பிளை சேலை அனுப்பினால் நன்றாகவா இருக்கும்?

மாடி அறையில் ஐயாவும் இல்லை. என்ன எழுதினாலும் அதில் என் குரல்தான் கேட்டது. அது இவ்வளவு மெலிசாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

தொண்ணூறுகளில், பத்திரிகை நிற்கப்போகிற சமயம், ஒருமுறை பரளச்சிப் பக்கம் போனேன். மூட்டங்கள் பெருகியிருந்தன. லாரி நின்றது. அவள் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், தார்ப்பாய் கிழிசல் என்று.

“வாங்க டீச்சர்! லோடு ஏறுது, செத்த உக்காருங்க. இந்தா வாரேன்.”

ஒரு கரிச்சாக்கின்மேல் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போயிற்று. லாரி போய் இன்னொரு லாரி வந்தது. சேலத்திலிருந்து ஆள் வந்திருந்தார், அவரோடு பேச்சு. இடையில் ஒருதரம் என் பக்கம் திரும்பி, “இத எல்லாம் கதையா எழுதுவீக போல இருக்கே,” என்றாள்.

“எழுதலாமா? பேரு போடவா?”

“பேரு போட வேண்டிய எடத்துல போட்டாச்சே. கதைக்கு எதுக்கு? கதையப் படிச்சிட்டு எவன் லோடு கேக்கப் போறான்?”

அதனால்தான் இங்கே போடவில்லை. பஸ் வந்தபோது எழுந்து கையசைத்தேன். லாரிக்குமேல் நின்று எண்ணிக்கொண்டிருந்தவள் கறுப்புக் கையைத் தூக்கினாள். எனக்கா, கயிறு இழுக்கிறவனுக்கா என்று தெரியவில்லை. எனக்கென்றே வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஒரு பார்சல் வந்தது. சாத்தூர்ப் பக்கம் ஒரு சின்னக் கடைக்காரர். எட்டு முழம், கரை வைத்தது, துண்டோடு. ‘அன்புள்ள ஐயா, சில வருஷமாக உடம்பு சரியில்லாமல் பத்திரிகை பார்க்கவில்லை. தாங்கள் சௌக்கியமா?’ என்று உள்ளே ஒரு சீட்டு. முதல் ஒன்பதையும் கிழித்து ஜன்னல் திரை, தலையணை உறை என்று தைத்து முடித்திருந்தேன். இதைக் கிழிக்க மனம் வரவில்லை. அவருக்கு உண்மையை எழுதலாமா என்று யோசித்தேன். உடம்பு சரியில்லாதவர்.

‘வேட்டி கிடைத்தது. இங்கே சௌக்கியம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். இந்த வருஷம் உளுந்தை இருப்பு வைக்க வேண்டாம்,’ என்று எழுதி, கீழே இரண்டு எழுத்து, இரண்டு புள்ளி வைத்தேன். கார்டைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு மாடிக்கு வந்து, யாரோ உள்ளே இருப்பதுபோலக் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தேன்.